காலை ஏழு மணி வயிற்று வலி

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. படிப்பில் கெட்டி. ஏழு வாரமாகக் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாள், சில நாள் வாந்தியும் எடுக்கிறாள். பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. சனி, ஞாயிறு ஒன்றுமே இல்லை. இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறை இல்லை என்கிறார்கள். அவள் அப்பா, "நடிக்கிறாள், இழுத்துக்கொண்டு போய் விட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு நாள் அப்படியே செய்தும் பார்த்தார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கதறியதில் இவரே பயந்துபோய்த் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். என் மாமியார், "குழந்தையைப் படுத்தாதே, ரெண்டு நாள் வீட்டில் இருக்கட்டும்" என்கிறார். இந்த மாதத்தில் அவள் பள்ளிக்குப் போனது ஆறே நாள். போகிற நாளில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறார் வகுப்பாசிரியை. ஆனால் வீடு திரும்பியதும் என் மேல் எரிந்து விழுகிறாள், கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடுவதில்லை, அப்படியே வருகிறது. அவள் நடிக்கிறாளா? பள்ளியை மாற்றலாமா? மாத்திரை கொடுக்க வேண்டியிருக்குமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் படபடப்போடுதான் படிப்பீர்கள். உங்கள் மகள் நடிக்கவில்லை. இப்படி வாந்தி எடுத்து நடிப்பதெல்லாம் தேர்ந்த நடிகருக்கே கஷ்டம்.

பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயாராக வேண்டும் என்று இரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, செரிமானம் அப்போது அவசர வேலை இல்லை என்பதால் இரைப்பை தன் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவைக்கிறது, கீழே பெருங்குடலோ வேகமெடுக்கிறது. மேலே குமட்டல், கீழே பிசைகிற வலி. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்? இங்கிலாந்தில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் 1950-களில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதியதில், சுமார் பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி விட்டுவிட்டு வரும் வயிற்று வலி இருந்தது. அவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே உறுப்பில் நோய் என்று ஏதாவது அகப்பட்டது. மற்றவர்களுக்கு வலி பொய் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் மகளின் ஸ்கேன் சொல்வதும் அவ்வளவுதான்: குடலில் நோய் இல்லை. வலி இல்லை என்று எந்த ஸ்கேனும் சொல்லாது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் இரத்தம், தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஒரு பக்கமாகவே நிற்கும் வலி, இதில் எது வந்தாலும் "பயம்தானே" என்று விட்டுவிடாமல் மறுபடி குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் தெரியவில்லை. பள்ளி நாளில் மட்டும், காலையில் மட்டும், பத்து மணியோடு சரி என்றால் வலி கடிகாரம் பார்த்து வருகிறது என்று அர்த்தம்.

அந்தப் பத்து மணியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

காலை ஏழு மணிக்கு அவள் பயம் பத்துக்கு ஒன்பது என்று வையுங்கள். அழுகை, வாந்தி, கெஞ்சல், உங்கள் இருவருக்குள் வாக்குவாதம், எல்லாம் முடிந்து ஏழே முக்காலுக்கு நீங்கள், "சரி, இன்னைக்கு ஒரு நாள் இருந்துக்கோ" என்கிறீர்கள். அந்தச் சொல் காதில் விழுந்த நிமிடத்திலிருந்தே பயம் இறங்கத் தொடங்குகிறது, பத்து மணிக்குள் தரைக்கு வந்துவிடுகிறது. அவள் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் அவள் மூளை ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது: பள்ளி ஆபத்து, வீட்டில் இருந்தேன், தப்பித்தேன். நாளைக்கு அதே மூளை இன்னும் கொஞ்சம் சீக்கிரமே மணி அடிக்கும், இன்னும் கொஞ்சம் பலமாக. நடுவில் விட்டுப்போன பாடம், "ஏன் நாலு நாளா வரல?" என்று கேட்கப்போகும் தோழிகள், ஆசிரியையின் பார்வை, இவையெல்லாம் முதல் வாரத்தில் இல்லாத புதுப் பயங்கள், வீட்டில் இருந்த நாட்கள் பெற்றுப்போட்டவை. ஏழு வாரத்தில் நடந்தது இதுதான். முதலில் எதற்குப் பயந்தாளோ அது ஒருவேளை இப்போது அங்கே இல்லாமலேகூட இருக்கலாம், பயம் மட்டும் தன் காலில் தானே நிற்கப் பழகிவிட்டது.

அதனால் உங்கள் வீட்டுச் சண்டையில் நான் யார் பக்கம் என்று கேட்டால், இரண்டு பேர் பக்கமும். அவள் பள்ளிக்குப் போயாக வேண்டும் என்கிற விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. அவளுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருக்கிறது என்பதில் உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆனால் இருவரும் கண்ட வழி சரியில்லை. கம்பியைப் பிடித்துக் கதறுகிற அளவுக்கு இழுத்துப் போய், பயம் உச்சியில் இருக்கும்போது திரும்பக் கூட்டி வந்தீர்களே, அது ஒன்றுக்கு இரண்டாகக் கெடுதல்: கேட் எவ்வளவு பயங்கரம் என்பதும் உறுதியானது, பலமாகக் கதறினால் திரும்பிவிடலாம் என்பதும் உறுதியானது. உங்கள் கணவர் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் வருகிற அப்பாக்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது செய்து பார்த்ததுதான்.

இது நம் காலத்துப் பிள்ளைகளின் நோய், செல்போன் வந்த பிறகு வந்த வியாதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1932-லேயே பிராட்வின் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஊர் சுற்றுவதற்காக வகுப்பை வெட்டும் பிள்ளைகளிலிருந்து, பயத்தால் வீட்டிலேயே ஒடுங்கும் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து எழுதினார். 1941-ல் அடிலெய்டு ஜான்சனும் உடன் பணியாற்றியவர்களும் இதற்குப் பள்ளி அச்சம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது மருத்துவர்களான நாங்கள் பள்ளி மறுப்பு என்கிறோம், ஏனென்றால் எல்லாப் பிள்ளையும் பள்ளிக்குப் பயப்படுவதில்லை. சிறியவர்கள் பல நேரம் அம்மாவை விட்டுப் பிரியத்தான் பயப்படுகிறார்கள், பெரியவர்கள் மற்றவர்கள் பார்வைக்குப் பயப்படுகிறார்கள், பள்ளி அது நடக்கிற இடம், அவ்வளவுதான். தனி நோய் என்றுகூட இது எங்கள் பட்டியலில் கிடையாது. காய்ச்சல் மாதிரி: உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று காட்டும் அறிகுறி.

உள்ளே இருப்பது எது என்று பார்க்க எனக்கு அதிகம் கைகொடுப்பது கிறிஸ்டோபர் கியர்னி, வெண்டி சில்வர்மன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த வழி. பிள்ளைக்கு என்ன நோய் என்பதோடு நிற்காமல், வீட்டில் இருப்பதால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பார்கள். பள்ளியில் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து (பேருந்து, சத்தம், கழிப்பறை, ஒரு மணிச் சத்தம்கூட இருக்கலாம்) தப்பிக்கிறதா? பரீட்சை, எழுந்து நின்று வாசிப்பது, கூட்டாளிகள் சேர்க்காமல் விடுவது போன்ற, மற்றவர்கள் எடைபோடும் சூழலிலிருந்து தப்பிக்கிறதா? அம்மாவின் அருகாமையும் கவனிப்பும் கிடைக்கிறதா? இல்லை, போனும் கேமும் தூக்கமும் கிடைக்கிறதா? ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். முதல் காரணத்தில் ஆரம்பித்து நாலு வாரத்தில் நாலாவது காரணமும் வந்து ஒட்டிக்கொள்வது ரொம்ப சகஜம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தண்ணீர் பாட்டில் அப்படியே வருகிறது என்று, மூன்று முறையும் அங்கேதான் நின்றேன்.

பன்னிரண்டு வயதுப் பெண் காலை முதல் மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மறதி இல்லை. குடித்தால் போக வேண்டியிருக்கும், அதனால் குடிப்பதில்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரையே விட்டுவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அம்மாவிடம் அவர்கள் சொன்னதே இல்லை, கேட்டால் "மறந்துட்டேன்" என்பதோடு சரி. காரணம் தாழ்ப்பாள் இல்லாத கதவாக இருக்கும். உள்ளே போனால் மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கும் இரண்டு பேராக இருக்கும். "இப்பதானே இன்டர்வல் விட்டது?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஒரு ஆசிரியர் ஒரே ஒரு தடவை கேட்டதாகக்கூட இருக்கும். இந்த வயதில் இன்னொன்று, மாதவிடாய். வகுப்பில் வந்துவிடுமோ, உடையில் பட்டுவிடுமோ, எங்கே மாற்றுவது, எங்கே போடுவது, யாரிடம் கேட்பது என்கிற கவலை ஒன்றே போதும், படிப்பில் கெட்டியான பெண்ணையும் வீட்டில் உட்கார வைக்க. நாள் முழுக்கத் தண்ணீரும் இல்லாமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருபவள் உங்கள் மேல் எரிந்து விழாமல் வேறு யார் மேல் விழுவாள்? நீங்கள்தான் பயமில்லாமல் கோபப்படக்கூடிய ஆள். வகுப்பில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று ஆசிரியை சொல்வதும் பொய் இல்லை, அவர் பார்த்தது வெளியே தெரிந்த முகம்.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஒரு பாட்டிலை வைத்து நோய் கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் விசாரணையை அங்கே தொடங்குங்கள்.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். "ஏன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குற?" என்று இனி கேட்க வேண்டாம், அதற்கு அவளிடம் பதில் இல்லை, ஏழு வாரமாக எல்லோரும் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வியே ஒரு அடி மாதிரி ஆகியிருக்கும். பள்ளி விடுகிற நேரம் கடந்து, சாயங்காலத்தில், அடுத்த நாள் பற்றிய பேச்சு எதுவும் இல்லாதபோது, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, துணி மடிக்கிற மாதிரி கைக்கு ஒரு வேலையை வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு தாளில் பள்ளி நாளை வரையச் சொல்லுங்கள்: வீட்டிலிருந்து கிளம்புவது, வண்டி, கேட், பிரேயர், ஒவ்வொரு பீரியடும், இன்டர்வல், சாப்பாட்டு நேரம், கழிப்பறை, மணி அடித்து வீடு திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு பயம் என்று நம்பர் போடச் சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் நம்பராகப் போட்டுவிடுவார்கள். கணக்குப் பீரியடுக்கு இரண்டு, இன்டர்வலுக்கு ஒன்பது என்று வந்தால் உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அப்போது முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள், உடனே தீர்வும் சொல்லாதீர்கள். "ஓ, இன்டர்வலா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த துணியை மடியுங்கள். மிச்சம் தானாக வரும், அன்றே வராவிட்டாலும் நாலு நாளில் வரும்.

யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், நான் இனிச் சொல்லப்போகும் படிப்படியாகப் பழக்குவது எல்லாம் அப்புறம். முதலில் அது நிற்க வேண்டும். நிஜமான ஆபத்துக்குப் பிள்ளையைப் பழக்குவது சிகிச்சை இல்லை, கொடுமை. தேதி, இடம், நடந்தது என்று எழுத்தில் வைத்துப் பள்ளித் தலைமையிடம் போங்கள், வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். ஒருவேளை எழுத்துக் கூட்டி வாசிப்பதில், கணக்கில், கவனம் நிற்பதில் அவளுக்கு மறைவான சிரமம் இருந்தாலும் அதைத் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு வருடம்வரை அதை மனப்பாடத்தால் மறைத்து ஓட்டிவிட்டு, பாடம் கூடும்போது மாட்டிக்கொள்வார்கள். ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் பாட்டில்தான் என் சந்தேகம்.

சரி, திரும்பப் போவது எப்படி?

1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயது நிறையாத பையனைப் பற்றி எழுதினார். அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை, முயலை மடியிலும் போடவில்லை. அவனுக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டோடு முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். நூறு வருடம் ஆகிவிட்டது, இன்றைக்கும் பயத்துக்கு நாங்கள் செய்யும் சிகிச்சையின் நடு எலும்பு இதுதான். பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது. தாங்கக்கூடிய அளவில் பக்கத்தில் இருந்து, அது தானாக இறங்குவதை உடம்பு பார்க்க வேண்டும்.

என்னிடம் ஒரு பையன் வந்தான், பதினான்கு வயது (அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலதை மாற்றித்தான் சொல்கிறேன்). மூன்று மாதம் பள்ளிக்குப் போகவில்லை. முதல் நாள் வேலை, மாலை ஆறு மணிக்கு, ஒருவரும் இல்லாதபோது, சீருடை இல்லாமல் அப்பாவோடு கேட் வரைக்கும் போய் நிற்பது. எட்டு என்று சொன்னான். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றார்கள், அப்பா ஒன்றும் பேசவில்லை, பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், மனிதர் பாவம் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். இருபத்தைந்து நிமிடத்தில் எட்டு நான்காக இறங்கியது. நான்கானதும் திரும்பினார்கள், எட்டில் திரும்பவில்லை. மொத்த சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது. பிறகு சீருடையோடு, பிறகு காலை நேரத்தில், பிறகு நூலகத்தில் ஒரு பீரியட், பிறகு பிடித்த பாடம் இரண்டு. நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தான், ஏறிய படியில் பாதி சறுக்கியது, மறுபடி கேட்டிலிருந்து ஆரம்பித்தோம், இந்த முறை மூன்றே நாளில் மேலே வந்துவிட்டான்.

உங்கள் மகள் மாதத்தில் ஆறு நாளாவது போகிறாள், அதனால் அவள் ஏணி இவ்வளவு கீழிருந்து தொடங்க வேண்டியதில்லை. தினமும் போக வேண்டும், ஆனால் முழு நாள் இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளும் பூஜ்யம் கூடாது. முதல் வாரம் முதல் இரண்டு பீரியட், அடுத்த வாரம் சாப்பாட்டு நேரம் வரை, அதற்கடுத்து முழு நாள், இதை அவளும் நீங்களும் ஆசிரியையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அவள் கிளம்பும் நேரம் முன்கூட்டியே முடிவானதாக இருக்க வேண்டும். வயிறு வலிக்கும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி அதே பழைய கணக்கு. வலித்தால் ஓய்வறையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பலாம் என்று இருக்கட்டும். கழிப்பறைதான் காரணம் என்றால், எல்லோரும் வகுப்பில் இருக்கும்போது கேட்காமலே எழுந்து போகும் அனுமதி, முடிந்தால் ஆசிரியர்கள் உபயோகிக்கும் கழிப்பறை, பையில் ஒரு மாற்று உடையும் நாப்கினும் போட்ட சின்னப் பை. பள்ளி இதைச் செய்து தர ஐந்து நிமிடப் பேச்சு போதும், பல பள்ளிகள் செய்கின்றன. யாரும் கேட்கவில்லை என்பதால்தான் செய்யாமல் இருக்கின்றன.

வீட்டில் பெரியவர்கள் செய்ய வேண்டியது அவள் செய்ய வேண்டியதைவிட அதிகம். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லீபோவிட்ஸ் என்பவரும் உடன் பணிபுரிபவர்களும் உருவாக்கிய ஒரு சிகிச்சையில் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை, பெற்றோரை மட்டும்தான் பார்ப்பார்கள். பயத்துக்காகப் பெற்றோர் தங்கள் வாழ்க்கையை வளைத்துக்கொண்ட இடங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவார்கள். 7 முதல் 14 வயது வரை உள்ள 124 பிள்ளைகளின் குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகச் செய்யும் உளவியல் சிகிச்சைக்கு இது குறைந்ததில்லை என்று தெரிந்தது. பெற்றோர்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிள்ளை ஒத்துழைக்காத நாளிலும் மாற்றக்கூடியது ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டில் அது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரவு படுக்கும்போது, "நாளைக்கு ஒன்னும் ஆகாதுல்லம்மா?" என்று கேட்கிறாளா? எத்தனை தடவை? "ஒன்னும் ஆகாதுடா கண்ணு" என்ற பதில் பத்து நிமிடம்கூடத் தாங்காது, மறுபடி கேட்பாள், ஏனென்றால் ஒன்றும் ஆகாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உனக்கு பயமா இருக்குன்னு தெரியுது, வயிறு நிஜமாவே வலிக்குது. அதோட போய் ரெண்டு பீரியட் உன்னால இருக்க முடியும்." அவ்வளவுதான். முதல் பாதி மாமியாருடையது, இரண்டாவது பாதி உங்கள் கணவருடையது, இரண்டையும் ஒரே வாய் சொல்ல வேண்டும். காலையில் இதற்கு மேல் விவாதம் வேண்டாம். ஏழு மணிக்கு அவள் மூளையில் வக்கீல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு எதிர்வாதம் வைத்திருப்பாள்.

கொஞ்ச நாளைக்கு அப்பாவே கொண்டுபோய் விடட்டும். இழுத்துப் போகத் தெரிந்த அதே கைக்கு, பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கவும் தெரியும் என்று அவள் பார்க்க வேண்டும். அதற்கு முன் அவர் அன்றைய கேட் சம்பவத்துக்காக அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் ரொம்ப நல்லது. கஷ்டம்தான் அவருக்கு, தெரியும்.

போகாத நேரத்தில் வீடு சுவாரசியமாக இருக்கக் கூடாது. தண்டனையாகவும் இருக்க வேண்டாம், வெறுமனே சலிப்பாக இருந்தால் போதும்: பள்ளி நேரம் முடியும்வரை போன் இல்லை, டிவி இல்லை, படுக்கை இல்லை, மேசையில் பாடப் புத்தகம். பாட்டியின் அன்புக்கு அளவு குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், காலை பதினொரு மணிக்கு மடியில் போட்டுக் கதை சொல்வதை மாலை ஐந்து மணிக்கு, பள்ளி போய்வந்த பேத்திக்குச் சொல்லட்டும். மாமியாரிடம் இதை நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால் மருத்துவர் சொன்னார் என்று என் மேல் போடுங்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போய் இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும், அது சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் வீட்டில் இருந்த நாட்களில் பத்து மணி வரை தூங்கிப் பழகினால் இந்தக் கடிகாரம் இன்னும் பின்னுக்குப் போகும். விடுமுறையிலும் எழும் நேரத்தைப் பெரிதாக மாற்ற வேண்டாம்.

பள்ளியை மாற்றுவது பற்றி: இப்போது வேண்டாம். துன்புறுத்தல் நடந்து பள்ளி கை கழுவினால் மாற்றுங்கள், நானே சொல்வேன். மற்றபடி, புதுப் பள்ளியில் முதல் மூன்று வாரம் நன்றாகப் போகும், வீட்டில் எல்லோரும் அப்பாடா என்பீர்கள், பிறகு அங்கேயும் ஒரு கழிப்பறை இருக்கும்.

மாத்திரை. நான் எழுதிக் கொடுக்கிற ஆள்தான், அதனால் பயமுறுத்தவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை உள்ள, பதற்ற நோய் இருந்த 488 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார்கள். 12 வாரம் முடிந்தபோது, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு நன்றாகக் குணம் தெரிந்தது, செர்ட்ராலின் என்ற மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55, இரண்டும் சேர்ந்து பெற்றவர்களில் 81, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. இதை வைத்து உங்களுக்குச் சொல்வது: உங்கள் மகள் நிலையில் முதலில் உளவியல் சிகிச்சை, கூடவே மேலே சொன்ன ஏணி. இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை, அல்லது பயத்தின் வேகத்தில் சிகிச்சைக்கே உட்கார முடியவில்லை என்றால் மாத்திரையைச் சேர்ப்பதில் தப்பே இல்லை. பலன் தெரியச் சில வாரம் ஆகும். இளம் வயதில் இந்த வகை மாத்திரை ஆரம்பிக்கும்போது சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லிருந்து எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது, அதனால் முதல் வாரங்களில் மருத்துவர் அடிக்கடி பார்க்க வேண்டும், திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. உறவினர் யாராவது தனக்குக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதி உடைத்துக் கொடு என்று சொல்வார்கள். கூடவே கூடாது.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே நேரில் பார்க்க வேண்டியதும் உண்டு: ஞாயிற்றுக்கிழமையும் சிரிப்பு வரவில்லை, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, உடம்பில் கீறிக்கொண்ட தடம், செத்துப்போனால் தேவலை என்ற பேச்சு. அப்படி ஒரு வார்த்தை வந்தால் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அவளிடம் நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இதைப் படித்துவிட்டு, சரி, திங்கட்கிழமையிலிருந்து என்று எல்லோரும் நாள் குறிப்பார்கள். திங்கட்கிழமை வேண்டாம், சனி ஞாயிறு முழுக்க அதையே நினைத்துப் பயந்து, முன்னால் ஐந்து நாள் மலை மாதிரி நிற்கும். செவ்வாயையும் புதனையும் ஆசிரியையோடு பேசுவதற்கும் அவளோடு அந்தத் தாளை வரைவதற்கும் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை ஆரம்பியுங்கள். இரண்டு நாள், தினம் இரண்டு பீரியட், அப்புறம் விடுமுறை. பாட்டிலில் பாதி மட்டும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தனுப்புங்கள்.